உதட்டை அசைக்காதே

ஜனவரி 19

அன்புள்ள சிட்டு,

நான் நலம். நீயும் நலம் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன். உன் போன கடிதம் அரைப் பக்கம்தான், அதிலும் பாதி ‘குளிர் தாங்கவில்லை, ஸ்வெட்டர் அனுப்பவும்’. அனுப்பியாயிற்று. கிடைத்ததென்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குச் சண்டை வருகிறது, அதை உன் ஆஸ்பத்திரி வார்டே காது கொடுத்துக் கேட்கிறது, அதனால் கடிதமே மேல் என்று சொன்னவள் நீதான். சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தால் எப்படி?

ஒரு செய்தி. இப்போதெல்லாம் ஞாயிறுகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. பூங்காவில் போட்டோ பிடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர் கூடுகிறார்கள், அதில் சேர்ந்திருக்கிறேன். நடத்துகிறவருக்கு மார்பு வரை தாடி. எல்லோரும் அவரைத் தாடி என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் கோபிக்காமல் திரும்பிப் பார்க்கிறார். பரணில் கிடந்த என் கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பருவம் முழுக்க வெட்டவெளியில் முகங்களை எடுத்துப் பழக வேண்டுமாம். அதுவும் சாஃப்ட் ஃபோகஸ். முகம் அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் ஓரமெல்லாம் வெளிச்சம் கசிந்து, காலைப் பனிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாரம் ஆறு நாளும் ஊராருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவன், ஏழாம் நாள் தெளிவைக் கெடுக்கப் போகிறேன். என் முதலாளிக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

சிக்கல் என்னவென்றால், ஆளுக்கொரு முகம் கொண்டுவர வேண்டும். ஒருவர் மனைவியோடு வந்தார், ஒருவர் மகளோடு. நான் கடை ஜன்னலில் கண்ணாடி மாட்டி வைக்கிற பொம்மைத் தலையைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். பெஞ்சில் அதை உட்கார வைத்து எதிரே ஸ்டாண்டைப் போட்டேன். அந்தப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று பார்த்து, “ஏங்க, மிச்ச உடம்பு எங்கங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லென்ஸுக்கு முன்னால் வலை போல எதையாவது இழுத்துக் கட்டினால் அந்தக் கசிவு வரும் என்றார் தாடி. அலமாரியின் அடித்தட்டில் உன் வெள்ளை ஸ்டாக்கிங் ஒன்று கிடந்தது, யூனிஃபார்முக்குப் போடுவாயே, அது. அதை வெட்டி ரப்பர் பேண்ட் மாட்டிக் கட்டிவிட்டேன். பிரமாதமாக வருகிறது.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

உன்,
கண்ணாடிக்காரன்


ஜனவரி 30

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. கை விரல்நுனி வரை வருகிறது. அவசரத்தில் உங்களுடையதை அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை, மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

அட கடவுளே, என் ஸ்டாக்கிங்கையா வெட்டினீர்கள்! அதன் ஜோடி இங்கே என் பெட்டியில் தனியாகக் கிடக்கிறது. ஒன்றரை வருஷமாக மற்றதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது அங்கே ஒரு பொம்மைத் தலைக்கு முன்னால் தொங்குகிறது. வெட்கமாயில்லையா உங்களுக்கு? அறையில் இருக்கிற இரண்டு நர்ஸுகளுக்கும் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. “உங்க வீட்டுக்காரர் ரொம்ப ரசனையான ஆளு போலிருக்கேக்கா” என்றாள். நான் தலையாட்டி வைத்தேன். முகம் கொடுத்து நாலு வார்த்தை பேசாத மனிதர் முகத்தைப் படமெடுக்கக் கிளம்பியிருக்கிறார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சண்டைக்கு இழுக்கவில்லை. பதவி உயர்வு, அதனால் இடமாற்றம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உண்மை நம் இருவருக்கும் தெரியும். கடையிலிருந்து வருவீர்கள், சாப்பிடுவீர்கள், பேப்பரை விரிப்பீர்கள். நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே நோயாளிகளாவது பதில் சொல்கிறார்கள். திட்டுகிறார்கள், ஆனாலும் அது பதில்தானே.

ஆனால் இங்கும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. இரவு டியூட்டி முடித்து அறைக்கு வந்தால் மற்ற இரண்டு பேரும் கிளம்பிப் போயிருப்பார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பேன். தூக்கம் வராது. மாடிப்படியில் யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் இந்த அறைக்குத்தானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். பக்கத்து அறைக்குத்தான் போகும்.

குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். அதற்கென்று ஒரு கழகத்தில் சேர வேண்டாம்.

உங்கள்,
சிட்டு


பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டு,

வாஷர் வாங்கிவிட்டேன். மாட்டத்தான் நேரமில்லை.

பொம்மைத் தலையை விட்டுவிட்டேன். தாடி சொல்லிவிட்டார், “அதுக்கு உயிர் இல்லீங்க, நீங்க எவ்வளவுதான் வெளிச்சத்தைக் கொட்டினாலும் அது கடை பொம்மைதான்” என்று. பிறகு பூங்காக் காவலாளியைக் கெஞ்சி மரத்தடியில் உட்கார வைத்தேன். நல்ல முகம், நெற்றியில் வரிவரியாக. முதுகுப் பக்கம் வெயில் வருகிற மாதிரி அவரைத் திருப்பி உட்கார வைத்து, முன்னால் வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையைச் சாய்த்து, அந்த வெளிச்சத்தைத் திரும்ப முகத்தில் விழ வைத்தேன். கண்ணாடித் துண்டில் வாசலின் தடவி லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டேன் போலிருக்கிறது. கழுவி வந்த படத்தை ஆசையாக நீட்டினால் மனுஷர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். “என்ன சார் இது, மூஞ்சி பூரா மூட்டமா இருக்கு. அடையாள அட்டைக்கு ஆகும்னுல்ல உக்காந்தேன்!” பிறகு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பளிச்சென்று ஒரு படம் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

தவறு எங்கே என்று இப்போது புரிகிறது. ஸ்டாக்கிங்கின் நடுவில் ஊதுவத்தி நுனியால் சின்னத் துளை சுட வேண்டும். துளை வழியாகக் கண்ணும் உதடும் தெளிவாக விழும், சுற்றிலும் மட்டும் கசியும். ஆனால் துணி வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது, அதனால் கேமரா கால் நொடி, அரை நொடி திறந்திருக்க வேண்டும். அதுவரை எதிரே இருக்கிறவர் சிலை மாதிரி இருக்க வேண்டும். காவலாளிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஏப்ரலில் நூலகக் கூடத்தில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக மாட்டப் போகிறார்கள். மாட்டுவதற்கு என்னிடம் ஒரு முகம் இல்லை.

ஒரு ஞாயிறு வருகிறாயா? உன்னைத்தான் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. படத்துக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் சத்தமே கிடையாது சிட்டு. அந்தக் குழாயை நான் ஏன் சரிசெய்யாமல் வைத்திருக்கிறேன் என்று நீயே யோசித்துக்கொள்.

உன்,
கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கடைசிப் பத்தியை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

வருகிறேன். மார்ச் இரண்டாவது ஞாயிறு. விடியற்காலைப் பஸ்ஸில் வந்து, மதியப் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும், அன்றிரவு டியூட்டி இருக்கிறது.

எனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. மேட்ரன் கூப்பிட்டுப் பேசினார். இனி எனக்கு விடுதி இல்லை, குடியிருப்பு தருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு வீடு காலியாகிறது. இல்லையென்றால் தனி ஆள் அறை. “ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா? மார்ச் முடியறதுக்குள்ள சொல்லிடு” என்றார். இந்தத் தெருவிலேயே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. லென்ஸ் தேய்க்கிறவர் நின்றுவிட்டார், நல்ல ஆள் தேடுகிறார்கள். நானாகப் போய் விசாரித்தேன். எதற்கு விசாரித்தேன் என்று உங்களுக்குப் புரியும்.

கடிதத்திலேயே கேட்டுவிடலாம். ஆனால் நீங்கள் அதற்கும் ஆற அமர இரண்டு வாரம் கழித்துப் பதில் போடுவீர்கள். நேரில் கேட்கிறேன். நீங்களும் நேரில் சொல்லுங்கள். தலையாட்டினால் செல்லாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அதையும்தான்.

இந்த வரிகளை இரண்டு முறை அடித்து அடித்து எழுதினேன். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று சிரிப்பாகவும் வருகிறது.

உங்கள்,
சிட்டு


மார்ச் 1

அன்புள்ள சிட்டு,

நீ வருகிறாய் என்றதும் தாடியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “முதல்ல இடத்தைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாருங்க” என்றார். பூங்காவின் பின்பக்கம் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. பின்னால் உயரமான மரங்கள். காலையில் இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடை போட்ட மாதிரி இறங்கும். அங்கே உன்னை உட்கார வைத்தால் தலைமுடி ஓரமெல்லாம் எரிகிற மாதிரி வரும். வெயில் மேலே ஏறிவிட்டால் அவ்வளவுதான், கண்ணுக்குக் கீழே கறுப்பாகக் குழி விழுந்துவிடும். ஆகவே பஸ் நிலையத்திலிருந்து நேரே பூங்காவுக்கு வந்துவிடு. வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வெளிச்சம் போய்விடும்.

வெளிர் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள். கட்டம் போட்டது, பூப்போட்டது வேண்டாம். தலையை இழுத்து வாரிப் பின்னாதே, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். முகத்தில் எண்ணெய் வழியாமல் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்.

நீ எழுதிய வீட்டு விஷயமும் நினைவில் இருக்கிறது. அதை நிதானமாகப் பேசுவோம்.

உன்,
கண்ணாடிக்காரன்


மார்ச் 12

அன்புள்ள சிட்டு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நேற்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை எனக்கு. அந்த வெளிச்சம்! நடுவில் மேகம் வந்து பாடாய்ப் படுத்தியதே, அது கலைந்த பிறகு வந்தது பார், அதுதான் வெளிச்சம். தாடி கூடத் தன் ஆளை விட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றுகொண்டார். “இவங்க யாருங்க, இப்படி அசையாம உக்காந்திருக்காங்க?” என்றார். என் வீட்டுக்காரி என்றேன். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி பெருமையாக இருந்தது.

உன்னை நல்ல டீக்கடைக்காவது கூட்டிப்போயிருக்க வேண்டும். நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. பஸ் படியில் நின்று ஏதோ சொன்னாய், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. வீட்டு விஷயம்தானே? ஃபிலிமைக் கழுவக் கொடுத்திருக்கிறேன், லேப்பில் கூட்டம், பத்து நாளாவது ஆகுமாம். படங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 1

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று மாதக் கடைசி. மேட்ரனிடம் ஒருத்திக்கு என்று சொல்லிவிட்டேன். அறைச் சாவியும் வாங்கிவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். இருட்டில் எழுந்து, பஸ்ஸில் நின்றபடி, அறைத்தோழியிடம் இரவல் வாங்கிய வெளிர்நீல உடை கசங்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வந்து இறங்கியதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, “சீக்கிரம் வா, வெயில் ஏறுது.” சுவரில் உட்கார வைத்தீர்கள். மோவாயைத் தொட்டுத் திருப்பினீர்கள். ஒரு முடியை எடுத்துக் காதோரம் விட்டீர்கள். நான் வாயைத் திறந்தபோதெல்லாம், “உதட்டை அசைக்காதே.” மேகம் வந்தபோது பேசலாம் என்று பார்த்தேன். “பேசாதே, முகம் மாறிடும், அதே மாதிரி இரு” என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்தது உங்கள் தாடிதான்.

அப்புறமும் கடிதம் வரும் என்று தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலில் நின்றேன். வந்தது. லேப்பில் கூட்டம் என்று வந்தது.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. நிறைய இருக்கிறது.

சிட்டு


ஏப்ரல் 8

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் வந்த அன்றே படங்களும் வந்தன. இரண்டையும் மேஜையில் வைத்துக்கொண்டு விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என்னை நம்புவாயோ மாட்டாயோ, சொல்லிவிடுகிறேன். நீ வருவதற்கு முதல் நாளே முதலாளியிடம் கடையை விட்டு நிற்கிறேன் என்று பேசிவிட்டேன். சரி என்று உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். வெளிச்சம் இருக்கும்வரை படம், வெளிச்சம் போனதும் உட்கார்ந்து பேச்சு என்று மனசுக்குள் திட்டம் போட்டு வைத்திருந்தேன். மேகம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. அப்புறம் பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிறகாவது எழுதியிருக்கலாம். நல்ல செய்தியைப் படத்தோடு சேர்த்து உறையில் போட்டு அனுப்பினால் நீ பிரிக்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம். எனக்கு எப்போதும் எல்லாம் ஒன்றாக, அழகாக அமைந்து வர வேண்டும். அதற்குள் ஆள் போய்விடுகிறார்.

ஒரு படம் அருமையாக வந்திருக்கிறது. நூலகக் கூடத்தில் அதை நடுவில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். முடியெல்லாம் ஒளி, கன்னம் பனி மாதிரி, கண்ணும் உதடும் மட்டும் அவ்வளவு துல்லியம். நான் எடுத்ததிலேயே சிறந்தது அதுதான்.

மற்றவற்றில் நிறையப் பாழ். உன் உதடு அசைந்து கலங்கிப் போனவை. முதலில் ஒதுக்கி வைத்தேன். இப்போது அவற்றைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கடையில் இருக்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்துகூடப் பார்த்தேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் சிட்டு? அவற்றில் மூன்றையும், மாட்டிய படத்தின் பிரதி ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மேட்ரனிடம் மாற்றிச் சொல்ல முடியாதா? நான் வேண்டுமானால் வந்து கேட்கிறேன். வருகிற ஞாயிறு வருகிறேன். கேமரா இல்லாமல் வருகிறேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 12

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் ஞாயிறுக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று அதிகக் கட்டணம் கட்டி அனுப்புகிறேன். ஞாயிறு வர வேண்டாம். எனக்கு அன்று டியூட்டி இல்லை. ஆனாலும் வர வேண்டாம்.

அந்த வீடு ஆம்புலன்ஸ் டிரைவர் குடும்பத்துக்குப் போய்விட்டது. நேற்று மூன்று குழந்தைகளும் ஒரு கட்டிலுமாக வந்து இறங்கினார்கள். வீடு போனதால் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் கடையை விடத் தயாராக இருந்தீர்கள் என்பதை நம்புகிறேன். பொய் சொல்கிற ஆள் இல்லை நீங்கள். படித்துவிட்டுப் போர்வைக்குள் அழுதேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை நீங்கள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முடியைக் காதோரம் விட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தப் பார்வைக்காக வாயைக் கட்டிக்கொண்டு இப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன் போலிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துத்தான் பயந்தேன். நீங்கள் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்துவிடுவேன் அத்தான். அதனால்தான் வராதீர்கள் என்கிறேன்.

என் அறையில் ஜன்னல் ஒன்று இருக்கிறது. வெயில் நன்றாக வருகிறது. மற்ற இரண்டு பேரும் இல்லாததால் ரொம்ப அமைதி. பழகிவிடும்.

அந்தக் குழாயைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் வீணாகிறது.

படங்களில் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே, அதில், “கழுத்து வலிக்குது.” கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பதில், “காலையிலேர்ந்து ஒன்னும் சாப்பிடல, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாமா?” மூன்றாவதில் உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில், “ரெண்டு பேருக்குன்னு சொல்லட்டுமா அத்தான்?”

நூலகத்தில் மாட்டியிருப்பது அதற்கு அடுத்தது. நீங்கள் தலையைத் தூக்காமல் எதையோ திருகிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உதடு அவ்வளவு துல்லியமாக விழுந்திருப்பது அதனால்தான்.

சிட்டு